இந்த வாரம் சாலமன் முறை

சாலமன் போய்விட்டான். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

ஒரகடம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அவனைத் தெரியும். போல்ட் கம்பெனியில் என்னோடு லேத்தில் நின்றவன். சர்ச்சில் கிடார் வாசித்தவன். ஊரில் என் வயலுக்கு அடுத்த வயல்காரன்.

நான் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. மெதுவாகத்தான் டைப் செய்கிறேன்... ஆனாலும் இதை நானேதான் எழுதுவேன்.

எழுபதுகளில், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆகி, மகளோடு ஆஸ்திரேலியா போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். கட்டில், மேஜை, பீங்கான் தட்டு... அவற்றோடு இரண்டு யுகுலேலே.

யுகுலேலே என்றால் குட்டி கிடார். நான்கே நரம்பு. மடியில் கைக்குழந்தை மாதிரி அடங்கும்.

ஒன்று சிவப்பு பாலிஷ் போட்டு, ஓட்டையைச் சுற்றிச் சிப்பி வேலை செய்தது. இன்னொன்று வெறும் பழுப்பு மரம், முதுகில் ஒரு கீறல். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றார். நானும் சாலமனும் சேர்ந்து எடுத்தோம்.

எடுத்த கையோடு சாலமன் சிவப்பை அணைத்துக்கொண்டான். "நீ பஜனைல ஜால்ரா தட்றவன்தானே. உனுக்கு இது போதும்" என்று பழுப்பை என் பக்கம் தள்ளினான்.

கோபம்தான் எனக்கு. ஆனால் வாசித்துப் பார்த்த பிறகு கோபம் போன இடம் தெரியவில்லை.

பழுப்பைக் காலையில் டியூன் செய்தால் சாயங்காலம் வரை அப்படியே நிற்கும். நரம்பு தாழ்வு, லேசாகத் தொட்டால் போதும். லேத்தில் எட்டு மணி நேரம் நின்று வந்த விரலுக்கு அது எவ்வளவு சுகம்... சாப்பாட்டுப் பைக்குள்ளேயே வைத்து ஷிப்டுக்கு எடுத்துப் போகலாம்.

சிவப்பு அப்படி இல்லை. நரம்பு உயரத்தில் நிற்கும், விரலை அறுக்கும். வெயில் ஏறினால் மூன்றாவது பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடும்.

ஒரு மாதம் கழித்து சாலமன் வந்தான். கன்னி என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

"கன்னி, மாத்திக்கலாமாடா?"

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். உனுக்கு செவப்பு புடிக்குமே."

"யார் சொன்னது?"

"அன்னிக்கி மூஞ்சிய தூக்கி வச்சிகினு இருந்தியே."

"இப்ப எறக்கி வச்சிட்டேன். போடா."

அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. பக்கத்துப் பக்கத்து லேத்தில் நிற்போம்... டீக்குத் தனித்தனியாகப் போவோம்.

எங்கள் இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், அவன் முறை முடிந்தால் என் முறை. அப்படி ஒருநாள் மடையை என் பக்கம் திருப்பிவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனே வாயைத் திறந்தான்.

"ஏன்டா, ஏரித் தண்ணிக்கே முறை கீது. ஒரு மரக்கட்டைக்கு வைக்க முடியாதா? வாரம் உனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கேட் வாசலில் மாற்றிக்கொள்வோம். ஒருவனுக்குப் பழுப்பு, ஒருவனுக்குச் சிவப்பு.

அவன் மனைவி மேரிதான் பெயர் வைத்தது. பழுப்பு சோறு. சிவப்பு பாயசம்.

"இன்னிக்கி சோறா, பாயசமா?" என்று வாசலிலேயே கேட்பாளாம். பாயசம் என்றால், "அப்ப ஒரு வாரம் வூட்ல யாரும் இவர்கிட்ட பேசாதீங்க" என்பாளாம்.

கல்யாண வீட்டில் போட்டோவுக்குப் பாயசம்தான் அழகு. தினமும் வாசிக்கச் சோறுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவனுக்கும் இருந்ததில்லை, கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும்.

அவன் அப்பா இறந்த அன்று அவர்கள் முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது நான். முறை நடக்கும்போது ஆள் போனாலும் மடையை மாற்றக்கூடாது, அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

அவர்கள் எல்லாரும் சாவு வீட்டில். நான் வரப்பில் உட்கார்ந்து, அவர்கள் வயல் நிரம்பிய பிறகுதான் என் பக்கம் திருப்பினேன்.

அடுத்த ஞாயிறு சாலமன் கொடுத்த பழுப்பில் நான்கு நரம்பும் புதிது... நல்ல தூண்டில் நைலான்.

பிறகு நிலம் கம்பெனிக்குப் போனது, தண்ணீர் முறையும் நின்றது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை முறை மட்டும் நிற்கவில்லை.

இன்று அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். அவன் மகள் ஜெசிந்தா ஆணியிலிருந்து பழுப்பை எடுத்து வந்தாள்.

"மாமா, இத நீங்க எடுத்துனு போங்க. இங்க யாரு வாசிக்கப் போறாங்க?"

என் கை நீண்டுவிட்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"இது அவன் வாரம்மா. இன்னும் முடியல. நான் ஞாயித்துக்கெழம வரேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஆணியில் மாட்டினாள்.

சாலமன்... நிம்மதியாகப் போ.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் வருகிறேன். பாயசத்தை நன்றாக டியூன் செய்து உன் ஆணியில் மாட்டிவிட்டு, சோற்றை எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது பாட்டில் சுருதி இறங்கும். அது உன் பாடு.