சந்தேக வரிசைக்கு வராத முட்டைகள்

முட்டை தரம் பிரிக்கும் அந்தக் கூடத்தில் அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்பவன். யாராவது ஜோக்கடித்தால், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நிமிர்ந்து, "என்ன?" என்பான். கோபக்காரனும் இல்லை, கெட்டவனும் இல்லை. எதுவும் உள்ளே போய்த் தைக்காது, அவ்வளவுதான்.

அவனுடைய அக்காவுக்கும் அங்கேதான் வேலை. ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா ஒவ்வொரு முட்டையையும் படம் எடுக்கும். அவன் எழுதிய புரோகிராம் அந்தப் படத்தைப் பார்த்து, ஓட்டில் கீறல் இருக்கிறதா என்று சொல்லும். முட்டை கடந்து போவதற்குள் சொல்ல முடியாவிட்டால், அது பக்கத்துப் பெல்ட்டுக்குத் தள்ளப்படும். அதற்குச் சந்தேக வரிசை என்று பெயர். அங்கே மூன்று ஸ்டூல், மூன்று பெண்கள். முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பார்கள். நடு ஸ்டூல் அக்காவுடையது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தவள், இந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் பழையபடி மனுஷி ஆனாள். இரண்டு பக்கமும் ஆள் இருக்க, வாய் ஓயவே ஓயாது.

கொஞ்ச நாளாகச் சந்தேக வரிசையில் முட்டை குவிய ஆரம்பித்தது. அக்காவின் விரல்கள் வீங்கிப்போயின. மேலாளர் அவனைக் கூப்பிட்டார்.

"வேகமா படத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டோம்? என்னய்யா ஆச்சு அதுக்கு? அது ஒழுங்கா ஓடினா அந்த மூணு ஸ்டூலையும் எடுத்துடலாம்."

"சரி சார்" என்றான். அக்காவின் ஸ்டூலும் அதில் சேர்த்தி என்று புரியாமல் இல்லை. புரிந்தது, வலிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கார்டின் மேல் கை வைத்தான். சில்லென்று இருந்தது. வேலை செய்கிற கார்டு சூடாக இருக்க வேண்டும். இங்கேயோ மொத்தப் பாரத்தையும் கம்ப்யூட்டரின் பிராசஸர் ஒற்றை ஆளாகச் சுமந்து நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ செய்த அப்டேட்டில் படத்தைக் கையாளும் லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பு புதிதாகிவிட்டது. கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராம் பழசாகவே கிடந்தது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்படியென்றால் திரை சிவப்பாகக் கத்தியிருக்க வேண்டாமா? எப்படிக் கத்தும்! பிழைச் செய்தி எதைப் பார்த்தாலும் மேலாளர் ஆடித் தீர்த்துவிடுவார் என்று, கார்டு கிடைக்காவிட்டால் வாயைத் திறக்காமல் பிராசஸரிலேயே ஓட்டு என்று எழுதி வைத்தவனே இவன்தான். ஆளுக்கேற்ற புரோகிராம்.

புது டிரைவரைப் போட்டால் தீர்ந்தது. தெரிந்தும் போடவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மேலாளர் கேட்கும்போதெல்லாம், "பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று நாளைக் கடத்தினான்.

ஒரு மத்தியானம் அக்கா விரல்களில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னடா தம்பி, இன்னுமா பிடிபடல? என் தம்பி கை வச்சா மெஷின் பறக்கும்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருக்கேன். மானத்தை வாங்கிடாதடா."

சொல்லித் தொலையேன், பாவி! இது சரியானால் உனக்கு இங்கே இடமில்லை அக்கா என்று ஒரு வார்த்தை. அவனும் வாயைத் திறக்கத்தான் செய்தான்.

"இன்னைக்கு முடிஞ்சிரும்க்கா" என்றுதான் வந்தது.

திரும்பிப் போய் டிரைவரைப் போட்டான். கார்டு இல்லாவிட்டால் இனிமேல் நின்று கத்து என்று அந்தப் பழைய வரியையும் மாற்றினான். கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் கார்டின் விசிறி சுழன்றது. தொட்டுப் பார்த்தான், சூடு ஏறிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் முட்டைகள் விறுவிறுவென்று நகர்ந்தன. சந்தேக வரிசை காலியானது.

மேலாளர் வந்தார். திரையைப் பார்க்கவில்லை, ஸ்டூல்களைப் பார்த்து, "வெரிகுட்" என்றார்.

அந்தக் கோடியிலிருந்து அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியாடா, ஒண்ணுகூட வரல! கை எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? நாளைக்கும் இப்படியேதான இருக்கும்?"

அப்போதுதான் அது உள்ளே போய்த் தைத்தது.

"ஆமாக்கா" என்றான். "இனிமே இப்படியேதான்."