கடைசிப் படத்தில் இல்லாத ஜெனி

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் படித்துக் காட்டிய ‘மஞ்சள் உனக்கு, வெள்ளை எனக்கு’ புத்தகத்தின் கடைசிப் படம் பொய். அந்தப் பொய்யைச் செய்தவள் நான். பழியை ஒரு பத்து வயதுப் பெண்ணின் தலையில் போட்டவளும் நானே.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை போட்டால்தான் என்னால் எதையும் விழுங்காமல் சொல்ல முடியும்.

1. திருவிடந்தையைத் தாண்டிக் கடலோரக் கிராமம் ஒன்றின் பள்ளியில், ஐந்தாம் வகுப்புத் தோழிகள் ஜெனியும் கௌசியும் தங்கள் கதையையே படப் புத்தகமாகச் செய்தார்கள். சத்துணவு முட்டையில் ஜெனிக்கு மஞ்சள் கரு பிடிக்கும், கௌசிக்கு வெள்ளை. மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான் கதை.

2. ஜெனியைக் கௌசி வரைந்தாள். கௌசியை ஜெனி வரைந்தாள்.

3. பக்கங்களை அமைத்து அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

4. கடைசிப் படத்திலிருந்து ஜெனியை நீக்கினேன்.

5. ஏன் என்று ஜெனி கேட்டபோது கௌசியைக் காட்டிக்கொடுத்தேன்... இல்லை. காட்டிக்கொடுக்க அவள் எதுவுமே செய்யவில்லை!

6. தோழிகள் பிரிந்தார்கள். புத்தகம் நன்றாக விற்றது.

எனக்குக் கேளம்பாக்கத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை. பிழை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். விடுமுறை நாட்களில், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு புத்தகம் செய்யும் ஒரு சிறு குழுவுக்கு உதவுகிறேன்.

கடைசிப் படம் இரண்டு பக்கங்களுக்கு விரிந்தது. இடப்பக்கம் ஜெனி, வலப்பக்கம் கௌசி. முட்டை ஏந்திய கைகள் நடுவில் சந்திக்கும். புத்தகத்தைத் தைத்தால் அந்தக் கைகள் மடிப்புக்குள் போய்விடும். அச்சுக்கு அனுப்ப வேண்டிய அன்றுதான் அதைப் பார்த்தேன்.

பிள்ளைகளிடம் மறுபடி வரையச் சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் கேட்டிருந்தால் அச்சகத்தில் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. கௌசியை மட்டும் வைத்துக்கொண்டு, அவள் கை மடிப்பில் சிக்காதபடி சற்று வலப்புறம் நகர்த்தினேன். ஜெனி இருந்த பக்கத்தில், புத்தகம் செய்தவர்களின் பெயர்களைப் போட்டேன். அதில் என் பெயரும் உண்டு!

ஏன் ஜெனியை எடுத்தேன்? அவள் முகத்தைக் கௌசி கறுப்பு வண்ணத்தை அழுத்திப் பூசி வரைந்திருந்தாள். அச்சில் திட்டாக விழும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மற்றப் பக்கங்களில் அதே முகம் தெளிவாகத்தானே விழுந்திருக்கிறது? அப்படியானால்... அழகான பிள்ளை கடைசியில் நின்றால் புத்தகமும் அழகாக முடியும் என்று நினைத்தேனா?

நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

வெளியீட்டு நாளன்று ஜெனியின் அம்மா வந்திருந்தார். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்பவர். லீவு போட்டு வந்திருந்தார்.

“இன்னாடி, கடசிப் படத்துல நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தே? உன்னயே காணோம்!” என்று மகளைப் பார்த்துச் சிரித்தார்.

ஜெனி சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். “நான் எங்கக்கா?”

“கௌசிக்கு அந்தப் படம் புடிக்கல, ஜெனி.”

ஒரே வாக்கியம்! அதிலும் பாதி உண்மை இருந்தது. அதுதான் என் சாமர்த்தியம். படத்தைக் கொடுத்த அன்று கௌசி தன் கைவேலையைப் பற்றித்தான் சொன்னாள்: “நான் வரஞ்சது நல்லாவே இல்லக்கா. கை கோணிகினு பூட்ச்சு.” அந்தக் கூச்சத்தை எடுத்து அவள் தோழியின் மீதே எறிந்தேன்.

ஜெனி பெஞ்சு மாறினாள். ஆறாம் வகுப்புக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே பள்ளிக்குப் போவதாக இருந்தது. ஜெனி அழுது அடம்பிடித்து வேறு பள்ளியில் சேர்ந்தாள். கௌசிக்குக் காரணமே தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கூடுவாஞ்சேரியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். முன்னால் உட்கார்ந்திருந்த சிறுமி கேட்டாள்: “ஆன்ட்டி, அவ யாருக்கு முட்டைய நீட்டுறா? அங்க யாருமே இல்லயே!”

பெரியவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. உங்கள் மீது குற்றமில்லை. கேட்காதபடி அமைத்தவள் நான்.

அந்த வாரமே கிராமத்துக்குப் போனேன். முதலில் கௌசி. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இதுக்கா டூ வுட்டா? நான் மஞ்சக் கரு கம்மியா குட்த்துட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன்க்கா.”

அடுத்த தெருவில் ஜெனியின் வீடு. அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். “படிச்ச பொண்ணு நீ. கொயந்த மேலயா பழியப் போடுவ? தெரியாம பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லாத!”

“தெரிஞ்சுதான் பண்ணேன்” என்றேன்.

கதவோரம் நின்ற ஜெனி கேட்டாள்: “ஏன் என்ன எடுத்த? ஏன் அவள எடுக்கல?”

“என் தப்பு, ஜெனி. அவசரத்துல ஒருத்தர எடுத்தேன்.” பார்த்தீர்களா? அங்கேயும் அரைப் பதில்! முழுப் பதில் மேலே இருக்கிறது. அவள் வளர்ந்து இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன், நீக்க மாட்டேன்.

கௌசியைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டேன்.

“அவ அப்பிடி சொல்லிருக்க மாட்டான்னு எனுக்கே தோணிருக்கணும்ல? தோணலியே... எந்த மூஞ்ச வச்சுகினு போறது?” என்று உள்ளே போய்விட்டாள்.

நான் செய்த குற்றத்துக்கு அவள் வெட்கப்படுகிறாள். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேனே... இதை நான் எதிர்பார்க்கவில்லை.

உங்களிடம் அந்தப் புத்தகம் இருந்தால், கடைசிப் படத்தில் எதிரே ஜெனி என்றொரு பெண் இருந்தாள் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். எங்கு படித்துக் காட்டினாலும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய நிலை இது. குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், விற்பனையை நிறுத்திவிட்டோம். கடைசிப் படத்தை மறுபடி வரையக் கௌசி ஒப்புக்கொண்டாள். ஜெனி இன்னும் பதில் சொல்லவில்லை, வற்புறுத்த மாட்டேன். அவள் சம்மதிக்காமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.