கதிர் எல்லைக்குள்தான்

காத்தான்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலை செய்கிறேன். செம்பு ஒரு பக்கம், வார்ப்பு ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. இரும்புக்கு அது போதும்.

மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாவிக்கரையில் இரண்டு அறை கட்டினேன். தண்ணீர்த் தாங்கிக்குக் கால் வேண்டியிருந்தது. கடையில் கனத்த குழாய்கள் கிடந்தன. மணல் அரிக்கிற ஒரு பழைய ஆலையிலிருந்து வந்தவை. முதலாளியைக் கேட்டு நான்கை எடுத்து வந்து நட்டேன். வாயைச் சிமெந்தால் அடைத்தேன். தாங்கி ஏறியது.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது முதலாளி போன் எடுத்தார்.

"மச்சான், மிச்சக் குழாயெல்லாம் கொழும்புல மறிச்சிட்டாங்க. துறைமுகக் கேட்டால போகக்குள்ள மிசின் கத்தினதாம்."

"என்னத்துக்கு?"

"கதிர் வீசுதாம். உங்கட்டயும் நாலு இரிக்கி எண்டு சொல்லிட்டன். கோவிக்காதீங்க."

கோபிக்கவில்லை. வெளியே போய்த் தாங்கியைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்றது.

தாங்கியை இறக்குவது பெரிய வேலை இல்லை. சம்பந்தியின் வாய்தான் பெரியது. வந்தாறுமூலைப் பக்கத்துப் போடியார் அவர், வயல் நிறைய. வீட்டில் விஷம் என்று ஒரு சொல் அவர் காதில் விழுந்தால் கல்யாணம் இல்லை.

மறுநாள் கதிர் அளக்கக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தா. கையில் சின்ன மிசின்.

"கதிர் கொஞ்சங்கூட இல்லையெண்டாத்தான் விடுவீங்களோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சமும் இல்லாத சாமான் உலகத்தில இல்ல ஐயா. மண்ணில இருக்கு, வாழைப்பழத்தில இருக்கு, உங்களிலயும் இருக்கு."

"என்னிலயா?"

"என்னிலயும்தான். அதால ஒரு எல்லை போட்டிருக்கு. ஒரு ஆள் வருசம் முழுக்கக் கிட்ட இருந்தாலும் ஒண்டும் ஆகாத அளவு. அதுக்குக் கீழ எண்டா விடலாம். மேல எண்டா நாங்க கொண்டுபோகோணும்."

மூன்று காலில் மிசின் பேசாமல் இருந்தது. நாலாவதில் கடகட என்று தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. சம்பந்தி.

"இந்தப் பிள்ள ஆரு அண்ணன்?"

"கதிர் பாக்க வந்தவ."

பொய் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தது. விவசாயக் கந்தோர் என்று நினைத்துவிட்டார்.

"கதிரா? எங்கட வயல் வட்டையில இன்னும் வரல்ல மகள். நெல்லு குடலையில நிக்கிது."

மிஸ் என்னைப் பார்த்தா. நான் தாங்கியைப் பார்த்தேன்.

"எல்லைக்கு மேல போகாட்டிப் பிரச்சின இல்ல ஐயா," என்றா.

"என்ட எல்லையில என்ன பிரச்சின? பக்கத்து வயல்காரன்தான் வரம்பச் சுரண்டுறான்."

"சுரண்டவே கூடா!" மிஸ் பதறிப்போனா. "சுரண்டினா உள்ளுக்க இருக்கிறதெல்லாம் வெளிய வந்திரும்!"

"அதத்தான் நானும் அவனுக்குச் சொன்னனான்!" என்றார் சம்பந்தி. நல்ல படித்த பிள்ளை என்று என்னிடம் தலையாட்டினார்.

மிஸ் குனிந்து தாங்கியின் காலடியைப் பார்த்தா. பூச்சு வேலைக்கு ஏற்றிய கடல் மணல் அங்கே குவிந்து கிடந்தது. கறுப்புக் கோடு ஓடிய மணல். மிசினை அதற்குக் காட்டினா. கடகட. குழாய்க்குக் காட்டினா. குறைந்தது.

"மணல அப்பால தள்ளுங்க."

தள்ளினேன். எத்தனை மண்வெட்டி என்று நினைவில்லை. முதுகு மட்டும் நினைவு வைத்திருக்கிறது. மிஸ் திரும்ப அளந்தா. மிசின் வாய் மூடியது.

"அப்ப மணலுக்கு எல்லை இல்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"கடல் தந்தது ஐயா. அதுக்கு நாங்க வழக்கு வைக்க ஏலா."

நாலு காலின் அளவையும் எழுதினா. போனில் ஆரிடமோ கேட்டா. பிறகு சத்தமாகச் சொன்னா: "எல்லைக்குள்ளதான். விடலாம்."

"கடவுளே!" என்றார் சம்பந்தி, என்னை முந்திக்கொண்டு.

தாங்கிக் காலில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிட்டு மிஸ் போனா. சம்பந்தி கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டினார். "விடு... விக்கப்... பட்டது. என்ன அண்ணன், இந்தக் காணியயும் ஆமியா பிடிச்சு வச்சிருந்தது?"

"எப்பிடியோ இப்ப விட்டுட்டாங்க."

கல்யாணம் நடந்தது. மகளுக்கு எல்லாம் சொன்னேன். அவள் மாப்பிள்ளைக்குச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "அப்பாக்கு மட்டும் சொல்லாதீங்க மாமா," என்றார்.

சொல்லவில்லை. அந்தப் போகம் சம்பந்திக்கு நல்ல விளைச்சல். போன வாரமும் வந்தார். தாங்கிக் காலில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தார்.

"அண்ணன், அந்தக் கதிர்ப் பிள்ளய அடுத்த போகத்துக்கும் வரச் சொல்லுங்க. ராசியான கை."