பள்ளத்தில் ராஜா முகம்

விழுங்கிவிடுமோ என்று பயந்து குழந்தையிடமிருந்து காலணாவைப் பிடுங்கினேன். குழந்தை அதை அழுத்தியிருந்த முறுக்கு மாவில் ராஜாவின் முகம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தது.

ராயபுரத்தில் என் அண்ணனிடம் அப்படியொரு காலணா இருந்தது. முன்பக்கம் முகம் மேடாகவும், பின்பக்கம் அதே முகம் பள்ளமாகவும் இருக்கும்.

"தங்கசாலைல முன்ன அடிச்ச காசு அச்சிலயே ஒட்டிக்கினு கீது, பாப்பா. அதும் முகம் அடுத்த காசு முதுகுல அழுந்திக்கிச்சி. அதான் இப்டி!"

"கதை வுடாத அண்ணே. இன்னொரு காசை வச்சி நீயே சுத்தியால அடிச்சிகீற."

பள்ளிக்கூடம் போகிற நான் சொன்னதைத் தெருவே நம்பியது. "இன்னா கள்ளக்காசு, சவுக்கியமா?" என்று அவனைக் கூப்பிட்டார்கள். காசைக் கடலில் வீசிவிட்டு அவன் ரங்கூன் கப்பலேறினான்.

சுத்தியால் அடித்திருந்தால் முன்பக்கத்து முகம் நசுங்கியிருக்கும். அதில் மீசைகூடத் தெளிவாக இருந்தது. அன்றே அதைப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை.

இப்போது எழுதலாமென்றால் அவன் விலாசம் யாருக்கும் தெரியாது.