விமானத்தின் வாலில் விட்ட டோர்ச்

மூன்று வருடங்களுக்கு முன், யூன் மாதம், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்தரை மணி. பேர்லினில் நாங்கள் தமிழில் நவநாள் செபிக்கக் கூடும் கோயிலில், செபமாலையை எடுப்பதற்காகச் சட்டைப் பையில் இருந்த சின்னத் தோல் உறைக்குள் கையை விட்டேன். செபமாலை இருந்தது. அதோடு எப்போதும் இருக்கும் டோர்ச் இல்லை.

ஒரு டோர்ச் காணாமல் போனதற்கா இந்த மனுசன் சாட்சி எழுத வந்தார் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சகோதரங்களே.

என் பெயர் அன்ரன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எண்பதுகளின் கடைசியில் புலமைப்பரிசில் கிடைத்து, விமானப் பொறியியல் படிக்கக் கியவ் நகரத்துக்குப் போனேன். படிப்பு முடிவதற்குள் சோவியத் நாடே முடிந்துவிட்டது. ஊரில் சண்டை. திரும்பிப் போக வழியில்லாமல் ஜெர்மனிக்கு வந்து அகதியாகப் பதிந்தேன். பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் உணவகம் ஒன்றில் ஆறு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு ஆண்டவருடைய தயவால், இங்கே திரும்பவும் படித்து, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் விமானங்களைத் திருத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. "இந்த விமானம் பறக்கலாம்" என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு உண்டு.

எங்கள் தொழிலில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் ஒரு வகுப்பில் இருக்க வேண்டும். மனிதர் விடும் பிழைகளைப் பற்றிய வகுப்பு. ரஷ்ய மொழி தெரியும், பழைய சோவியத் விமானங்களைப் படித்தவன் என்பதால், அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் எனக்குத் தருவார்கள். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். அந்த ஒரு மணி நேரம் நான்தான் ராசா.

என்ன சொல்லுவேன்? எண்பத்தொன்பதாம் ஆண்டு கோடையில், இதே ஷோனெஃபெல்டில் இருந்து மொஸ்கோவுக்குப் புறப்பட்ட இலியூஷின் விமானத்தைப் பற்றிச் சொல்லுவேன். தரையில் நிற்கும்போது காற்று அடித்து ஆட்டாமல் இருக்க, வாலில் உள்ள தகடுகளைப் பூட்டி வைப்பார்கள். அன்று அந்தப் பூட்டு விடுபடவில்லை. விமானம் முழு வேகத்தில் ஓடியும் மூக்குத் தூக்கவில்லை. நிறுத்தப் பார்த்த அவசரத்தில் எஞ்சினைப் பின்பக்கம் இழுக்க வைப்பதற்குப் பதிலாக அணைத்துவிட்டார்கள். ஓடுபாதை முடிந்து, வெளியே பாய்ந்து எரிந்தது.

போலந்தில் அதே இனத்து விமானங்கள் இரண்டு, ஏழு வருட இடைவெளியில் விழுந்த கதையையும் சொல்லுவேன். இரண்டிலும் எஞ்சின் உடைந்து, வாலுக்குப் போகும் இணைப்புகளை வெட்டிவிட்டது. இரண்டாவது விமானத்தின் எஞ்சினில் தண்டு சுழலும் தாங்கிக்குள், இருபத்தாறு உருளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று மட்டும் இருந்ததை விசாரணையாளர்கள் கண்டுபிடித்தார்கள். முதல் விபத்திலேயே எஞ்சினில் பிழை என்று போலந்துக்காரர் சொன்னபோது அதைச் செய்த சோவியத்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கியவில் எங்களுக்கு அந்த எஞ்சினை நட்டு நட்டாகப் படிப்பித்தார்கள். அது விழுந்த கதையை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நான் மேசையில் தட்டி, "பிழை விடாத மனுசன் இல்லை. மறைக்கிறவன்தான் ஆளைக் கொல்லுறான்" என்று முடிப்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கும் மனம் நிறைந்துவிடும்.

அப்படிப்பட்ட நான் ஒரு வருடமாக ஒரு விடயத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். என் கண் மங்கிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தைச் சுற்றிப் புகை மாதிரித் தெரியும். கண் வைத்தியரிடம் டேர்மின், அதாவது பார்க்க நேரம், எடுக்கவில்லை. கையெழுத்துப் போடும் உரிமை போய்விடும், ஓய்வூதியத்துக்கு இன்னும் வருடங்கள் கிடக்கு என்ற பயம். நிறுவனம் தரும் விளக்கு எனக்குப் போதாது என்பதால், பெரிய வெளிச்சம் அடிக்கும் சின்ன டோர்ச் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கொண்டுபோனேன். அது பெரிய குற்றம். எங்கள் கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் இலக்கமும் அதற்கென்று வெட்டிய இடமும் உண்டு. வேலை முடிந்ததும் எண்ணிப் பார்ப்போம். ஒன்று குறைந்தால் விமானம் நகராது. என் டோர்ச் அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் குறைந்ததும் தெரியவில்லை.

அன்று காலை எங்கள் ஹங்காரில், அதாவது விமானம் திருத்தும் கொட்டகையில், நான் ஒரு பயணிகள் விமானத்தின் வாலுக்குள் புகுந்து, மூக்கை மேலே தூக்கும் தகட்டுக்குப் போகும் கம்பிகளையும் கப்பிகளையும் பார்த்து, மசகு போட்டுவிட்டு வந்தேன். மூடிக் கையெழுத்தும் போட்டேன். இரவு எட்டு மணிக்கு அது ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்.

கோயிலில் நவநாள் தொடங்கியது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அந்தோனியார் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுத் திறப்பு துலைந்தாலும் அவர்தான், பாஸ்போர்ட் துலைந்தாலும் அவர்தான். என் பெயரும் அவருடையதுதான். நான் அவரோடு பேரம் பேசத் தொடங்கினேன். "அந்தோனியாரே, அந்த டோர்ச் வீட்டில் இருக்க வேண்டும். காரில் இருந்தாலும் சரி. கண்டுபிடித்துத் தந்தால் உமக்குரிய பதின்மூன்று செவ்வாயும் தவறாமல் வருவேன். ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பேன். ஒருவருக்கும் தெரியாமல் முடித்துத் தாரும்."

ஒருவருக்கும் தெரியாமல். அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சுற்றி எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணுக்குள் ஒரு விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டே இருந்தது, எழும்பவில்லை. நான் எத்தனை தரம் படம் கீறி விளங்கப்படுத்திய அதே விமானம். உள்ளே யார் யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். மடியில் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாயாவது இருப்பாள். அப்படி இருந்தும் நான் எழும்பிப் போகவில்லை. ஒரு மணித்தியாலம் முழங்காலில் இருந்து பேரம் பேசினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ஆறரைக்கு வெளியே வந்தோம். நல்ல வெயில். என் மனைவி மெற்றில்டா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"டோர்ச்சைக் காணேல்லை."

"எந்த டோர்ச்?"

சொன்னேன். கண் மங்குவது, டோர்ச் கொண்டுபோவது, அன்று வாலுக்குள் புகுந்தது, எல்லாவற்றையும் அந்தப் படிக்கட்டில் வைத்தே கொட்டினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"ஹங்காருக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இன்னும் இல்லை. முதல்ல அந்தோனியாரிட்டக் கேட்டனான். வீட்டிலயும் ஒருக்காத் தேடிப்போட்டு..."

"பிளேன் எத்தினை மணிக்கு?"

"எட்டுக்கு."

"இஞ்சாருங்கோ, அந்தோனியார் ஓடுபாதையில நிண்டு கை காட்டமாட்டார். நிப்பாட்டுற ஆளின்ரை நம்பர் உங்கட போனிலதான் கிடக்கு. எடுங்கோ."

"வேலை போயிடும், மெற்றில்டா."

"போகட்டும். நான் வேலை செய்யிறன்தானே. அந்தச் சனம் போனா ஆர் திருப்பித் தாறது?"

அப்போதுதான் நான் உண்மையில் செபித்தேன். நவநாள் புத்தகத்தில் இல்லாத செபம். "ஆண்டவரே, இவ்வளவு நேரமும் நான் டோர்ச்சைத் தேடவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் தேடினேன். மன்னியும். நான் போய்ச் சேருமட்டும் அந்த விமானத்தைப் பிடித்து வைத்திரும். பொய் சொல்லாமல் பேச எனக்கு ஒரு நிமிடம் பலம் தாரும்." அவ்வளவுதான். போனின் எழுத்தே தெரியவில்லை. மெற்றில்டாதான் இலக்கத்தை அழுத்தித் தந்தாள்.

எடுத்தது எங்கள் வேலைப் பொறுப்பாளர் சபீனா. கறாரான பெண். நான் ஜெர்மன் மொழியில் ஒரே மூச்சில் சொன்னேன். முப்பது வருடமாக நான் பேசிய ஜெர்மனில் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் பேசியதில்லை. பொய்யே வரவில்லை, சகோதரங்களே. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பதில்.



"வாலுக்குள்தான் விட்டாய் என்று நிச்சயமோ?" என்று கேட்டாள்.

"நிச்சயம் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் என்னால் ஏலாது."

"அது போதும். விமானத்தை நிறுத்துகிறேன். நீ உடனே வா."

மெற்றில்டாதான் கார் ஓட்டினாள். வழி முழுதும் அவள் செபமாலை சொன்னாள், நான் மறுமொழி சொன்னேன். நாங்கள் போய்ச் சேரும்போது பயணிகளை ஏற்றாமல் நிறுத்தி, விமானத்தைத் திரும்ப ஹங்காருக்கு இழுத்து வந்திருந்தார்கள். நான் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்திச் சொல்லியிருந்தால் கதவைப் பூட்டியிருப்பார்கள் என்று பிறகு அறிந்தேன்.

வால் மூடியைத் திறந்தோம். நான்தான் முதலில் ஏறினேன். நிறுவனத்தின் விளக்கை வைத்து இருபது நிமிடம் தேடினேன். கப்பி கப்பியாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கீழே கத்தியபோது எனக்குள்ளே ஒரு சந்தோசம் கூட வந்தது, வீட்டில்தான் இருக்கு என்று.

"இறங்கு" என்றாள் சபீனா.

எங்களோடு வேலை செய்யும் போலந்துக்கார நண்பன் மாரெக் ஏறினான். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. "இருக்கு" என்றான்.

டோர்ச் கறுப்பு நிறம். மூக்கைத் தூக்கும் கம்பி ஓடுகிற கப்பிக்கும் அதைப் பிடித்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. நான் கை வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரம். நான் விளக்கு அடித்துப் பார்த்த இடம். பறக்கும்போது அது இறுகியிருக்குமா, இல்லை நழுவிக் கீழே விழுந்து ஒன்றுமே நடவாமல் போயிருக்குமா, எனக்குத் தெரியாது. மாரெக்குக்கும் தெரியாது. அவன் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். நான் அந்த நிலத்திலேயே இருந்து அழுதேன். ஐம்பத்தேழு வயதுக் கிழவன், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

சபீனா பக்கத்தில் வந்து குந்தினாள். "அன்ரன், நீ அதைக் கண்டும் மறைத்தாயா, இல்லை காணவேயில்லையா?"

"காணவில்லை."

"எவ்வளவு காலமாக உனக்குக் கண் தெரியவில்லை?"

சொன்னேன். அதையும் சொன்னேன்.

விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கண் சரியாகும் வரை கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். வேலையை விட்டுத் துரத்தவில்லை. நீயாக வந்து சொன்னாய், அதனால்தான் என்று எழுத்திலேயே தந்தார்கள். கண் வைத்தியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு கண்ணிலும் புரை. சின்னச் சத்திரசிகிச்சை, வயது போனவர்களுக்கு நாளாந்தம் செய்கிறோம் என்றார். ஒரு வருடம் நான் சாவைப்போலப் பயந்து மறைத்த வருத்தம், கண்ணுக்கு ஒரு காலை நேரத்து வேலை. கட்டு அவிழ்த்த அன்று உலகமே கழுவி வைத்தது போல இருந்தது. மெற்றில்டாவின் தலையில் இவ்வளவு நரை இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும் விட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் அந்தோனியாரிடம் ஒரு விளக்கைக் கேட்டேன். ஆண்டவர் எனக்குக் கண்ணைத் தந்தார். நான் கேட்டபடி, ஒருவருக்கும் தெரியாமல் அவர் முடித்துத் தந்திருந்தால் இன்றைக்கு என் நிலைமை என்ன? அந்த விமானத்தில் இருந்தவர்களுடைய நிலைமை என்ன? கேட்டதைத் தராததற்காக நான் இவ்வளவு நன்றி சொல்லுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த வகுப்பு வந்தபோது இலியூஷின் கதையையும் போலந்துக் கதையையும் வழமைபோலச் சொன்னேன். மேசையில் தட்டவில்லை. அந்த டோர்ச்சை எடுத்து வைத்து, "இது என்னுடையது" என்று சொல்லிவிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். தலை நிமிர்ந்து சொல்ல முடியவில்லை. ஒருவரும் தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கப் போனார்கள். மாரெக் மட்டும் போகவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவன், வேலையில் ஒரு சொட்டுப் பிழை விடாதவன் என்று பெயரெடுத்தவன். கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தான். "அன்ரன், போன கிழமை ஒரு சக்கரத்தில் நான் முறுக்கிய பூட்டாணி ஒன்று. அது கழராமல் கட்டும் பாதுகாப்புக் கம்பி போட்டேனா என்று எனக்கு நிச்சயமில்லை. போட்டதாக எழுதிவிட்டேன். நாலு நாளாக நித்திரை இல்லை" என்றான்.

"வா" என்றேன். இருவரும் சேர்ந்து சபீனாவிடம் போனோம். அன்றே பார்த்தார்கள். கம்பி போடப்படவில்லை.

சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது இப்போது எதையோ மறைத்து வைத்துக்கொண்டு, அதை ஒருவருக்கும் தெரியாமல் சரிப்படுத்தித் தரும்படி முழங்காலில் நிற்கிறீர்களா? நோயா, பிழையா, எதுவாகவும் இருக்கட்டும். செபத்தை விட வேண்டாம். ஆனால் எழும்புங்கள், சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆண்டவர் உங்களுக்கு முதலே அங்கே போய் நிற்பார். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் கூட வாறன்.