எட்டுப் பேரும் நலம்

எல்லோரும் அவரை நரம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆய்வு நிலையத்தின் கோப்புகளில் மட்டும் உயிரோடு இருந்தது. முழங்கையை நீட்டினால் போதும், பச்சை நரம்பு தானாகப் புடைத்து நிற்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்கூடத் தடுமாறாமல் ஊசி குத்திவிடலாம். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். மழைக்காலத்தில் தொழில் படுத்துவிடும். அப்போது, புது மருந்துகளை நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடம் கொடுத்துப் பார்க்கும் அந்த நிலையத்தில் இவரும் போய்ப் படுத்துவிடுவார். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது மருந்து.

பணத்துக்காக மட்டும் போனார் என்றால் அது பாதி உண்மைதான். வீட்டில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அங்கேயோ வெள்ளை விரிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு. ஒரு நாளைக்கு நாலு தடவை நர்ஸ் வந்து, "எப்படி இருக்கீங்க? உடம்புக்கு ஏதாவது செய்யுதா?" என்று கேட்பார். சொல்வதை எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்குவார். தான் பேசுவதை ஒருத்தர் எழுதி வைத்துக்கொள்கிறாரே என்று மனுஷனுக்கு ஒரே மிதப்பு.

அந்தக் கேள்விக்கு அங்கே ஒரே பதில்தான். "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்." தலைவலி என்று வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபடி கூப்பிடவே மாட்டார்கள் என்பது பழைய ஆட்களின் நம்பிக்கை. நிலையம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை; எந்தப் படிவத்திலும் அது இல்லை. ஆனாலும் எல்லோரும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுக்கப் பழகியவர்கள் அவர்கள். அதற்குப் பெயர் சாமர்த்தியமாம்!

இருபதாவது மருந்து ஒரு மூட்டுவலி மாத்திரை. முதல் குழுவில் நரம்பையும் சேர்த்து எட்டுப் பேர். அதே ஆய்வின் இரண்டாவது குழுவுக்குத் தங்கையையும் பெயர் கொடுக்க வைத்திருந்தார். அவள் தையல்காரி. "இடுப்பு ஒடியத் தைக்கிறியே, பத்து நாள் வந்து நிம்மதியா படுத்துட்டுப் போ" என்று நச்சரித்தவர் அவர்தான்.

மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடி நழுவியது. விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லை. கடித்துப் பார்த்தார். வேறு யாருடைய விரலையோ கடித்த மாதிரி இருந்தது. நர்ஸ் வந்தபோது, "நல்லா இருக்கேம்மா" என்றார். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில், எதிரே இருந்த கடிகார ரிப்பேர்க்காரர் தண்ணீர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பக்கத்தில் லாரி டிரைவரும் அப்படியே குடித்தார். நரம்பு மெல்லத் தலையைத் திருப்பி மேஜை முழுக்கப் பார்த்தார். அத்தனை பேரும் அப்படித்தான் பிடித்திருந்தார்கள், இவரும்கூட. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு உப்பு கம்மி," என்றார் டிரைவர்.

"ஆமாமா, ரொம்பக் கம்மி," என்றார் கடிகாரக்காரர்.

எட்டுப் பேரும் உப்பைப் பற்றியே பேசிவிட்டு எழுந்தார்கள். நரம்புக்குத் தங்கை ஞாபகம் வந்தது. அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால், போனை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவோம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை, கிளம்புவதற்கு முன்னால் எட்டுப் பேரையும் டாக்டர் தன் அறைக்கு அழைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டுப் பேருக்கும் ஒரு சின்னத் தொந்தரவுகூட இல்ல. அதனால ரெண்டாவது குழுவுக்கு அளவை ரெண்டு மடங்காக்கறோம். நேத்தே வந்து மாடியில தங்கிட்டாங்க. பத்து மணிக்கு மாத்திரை."

சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"வேணாம் டாக்டர்! எனக்கு மூணாம் நாள்லேர்ந்து விரல்ல உணர்ச்சி இல்ல."

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "நலம், நலம்னு பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்து இருக்கே?"

"அத்தனையும் பொய் டாக்டர்."

டாக்டர் மற்றவர்களைப் பார்த்தார். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். "எங்களுக்கு ஒண்ணுமில்ல சார்," என்றார் டிரைவர். "இவரு தங்கச்சியும் அந்தக் குழுவுல மாடியில இருக்கில்ல, அதான் பயந்துட்டாரு."

நரம்புக்கு வந்ததே கோபம்! கடிகாரக்காரரின் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டார்.

"இப்பப் போடுய்யா. கடுகளவு சக்கரத்தையெல்லாம் மாட்டுற கைதானே? இந்த ஒரு பொத்தானைப் போட்டுக் காட்டு!"

கடிகாரக்காரர் முயன்றார். பொத்தான் நழுவியது. மறுபடி முயன்றார். நாலாவது தடவை கையைத் தொங்கப் போட்டுவிட்டு, "முடியல சார்," என்று அழுதார். "இந்தக் கைய வெச்சுத்தான் சார் பொழைக்கிறேன்." டிரைவர் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள்.

டாக்டர் மாடிப்படிகளில் ஓடினார். பின்னாலேயே நரம்பு. பாதிப் படியில் நர்ஸ் மாத்திரைத் தட்டோடு எதிரே வந்தார்.

"கொடுத்துட்டீங்களா?"

"ஒருத்தருக்குத்தான் டாக்டர். ரெண்டு மடங்குன்னதும் மத்தவங்க தயங்குறாங்க, அதான் உங்களைக் கூப்பிட வந்தேன்." நர்ஸ் நரம்பைப் பார்த்துச் சிரித்தார். "உங்க தங்கச்சிதான். 'எங்க அண்ணன் எட்டு நாளா சாப்பிட்டு நல்லாத்தானே இருக்காரு, முதல்ல எனக்குக் கொடுங்க'ன்னு அவங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க."