வலது பக்கத்து ஸ்பீக்கர்

ஜீப்பில் நான் இருந்தேன். பக்கத்து சீட்டில் என் மனைவியின் தங்கை. அவள் மடியில் மலையிலிருந்து கொண்டுவந்த பலாப்பழம். கடை வாசலில், வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டுகிறவர். வேறு யாரும் இல்லை. இடம் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் சாலை. என் மனைவி தை மாதம் இறந்தாள். இது அடுத்து வந்த ஆனியில் நடந்தது.

மலைமேல் கரியாலூருக்கும் கீழே கள்ளக்குறிச்சிக்கும் ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். படிப்பு கம்மி. பேச்சும் கம்மி. மனைவி மலையில் புளி, கடுக்காய் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பாள். அதனால் பாதி நாள் என்னோடு இடது சீட்டில் வருவாள். செட்டு மாட்டச் சொன்னது அவள். அதில் இருக்கிற பொத்தானை எல்லாம் அழுத்திப் பார்ப்பதும் அவள்தான். எனக்குச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் தெரியும்.

மாட்டிய கொஞ்ச நாளில் என் பக்கத்து ஸ்பீக்கர் மங்கிவிட்டது. மலை ரோட்டுக் குலுக்கலில் போயிருக்கும் என்று நினைத்தேன். அவள் பக்கம் நன்றாகக் கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டே வருவாள். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அவள் போன பிறகு அந்த சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். எல்லாரும் சத்தம் ஜாஸ்தி என்றார்கள். ஒரு பலா வியாபாரி, "இன்னா டிரைவரே, என் காதுல வந்து கத்துது. உன் பக்கம் மட்டும் ஊமையா?" என்று கேட்டார். சரி, என் பக்கத்து ஸ்பீக்கரை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கொழுந்தியாளை ஊரில் விடப் போன அன்று கடையில் நிறுத்தினேன்.

கடைக்காரர் வண்டிக்குள் குனிந்து இரண்டு பக்கமும் காது வைத்தார். பிறகு செட்டில் எதையோ அழுத்தித் திருகினார். என் பக்கத்து ஸ்பீக்கர் பாடத் தொடங்கியது. அத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் அதன் முழுச் சத்தத்தை மறுபடி கேட்டேன்.

"நல்ல ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்றீங்களேண்ணா," என்று சிரித்தார். எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பேஸ் என்றால் தடித்த சத்தம். ட்ரெபிள் என்றால் கீச்சுச் சத்தம். ஃபேடர் என்பது சத்தத்தை முன்னே பின்னே தள்ளுவது. பேலன்ஸ் என்பது இடது வலது. உங்கள் செட்டில் பேலன்ஸ் இடது பக்கம் தள்ளி இருந்தது, நடுவில் வைத்துவிட்டேன் என்றார்.

தானாக மாறுமா என்று கேட்டேன்.

"தானா எப்படி மாறும்? யாரோ மெனக்கெட்டு வெச்சிருக்காங்க."

கொழுந்தியாள் பலாப்பழத்தைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கு சோத்தாங்கை பக்கத்துக் காது கேக்காது மாமா," என்றாள். "சின்னதுல சீழ் வந்து போச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப வீட்டுல சொல்லாதன்னுட்டாங்க. அப்புறமா சொல்ல அதுக்கு வெக்கம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."

எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் எப்போதும் என் வலது பக்கம்தான் உட்காருவாள். அங்கே உட்கார்ந்தால் கேட்கிற இடது காது என் பக்கம் இருக்கும். அது அவள் வழக்கம் என்று இருந்தேன். வண்டியில் என் வலது பக்கம் கதவு. அங்கே அவளால் உட்கார முடியாது. கேட்காத வலது காதுதான் என் பக்கம் இருந்தது.

ஒரு முறை மழை விட்ட சாயங்காலம் மலை வளைவு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தோம். "நீ பக்கத்துல இருந்தா வளைவே தெரியமாட்டேங்குது," என்று சொன்னேன். அந்த மாதிரி நான் பேசியது அது ஒன்றுதான். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பதில் இல்லை. பிடிக்கவில்லையோ என்று, பிறகு அப்படிப் பேசவில்லை.

பழையபடி வையுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நம்பரைப் பாக்காம திருப்பிட்டேண்ணா. பத்து வரைக்கும் போகும். எதுல இருந்துச்சுன்னு தெரியல."

அவள் கை வைத்த இடம் போய்விட்டது. இன்ஜினை ஓடவிட்டேன். ஓடுகிற வண்டியில்தானே தினமும் கேட்டேன். ஒவ்வொரு எண்ணாக இடது பக்கம் திருப்பச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றில் என் பக்கம் இன்னும் பலமாக இருந்தது. ஐந்தில் கொஞ்சம் இறங்கியது. இன்னும் என்றேன். எட்டில் பாட்டு இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஒன்று திரும்பி வாருங்கள் என்றேன். அப்போது வலது காதில் அந்த மங்கல் வந்தது. தாளம் மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது. அது எனக்குத் தெரிந்த மங்கல். அவள் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. கண்ணைத் திறந்தேன். கொழுந்தியாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் ஆட்கள் குறை சொல்கிறார்கள். சத்தத்தைக் குறைப்பேன், பேலன்ஸைத் தொட விடமாட்டேன். பேட்டரி மாற்றினால் செட்டில் வைத்தது எல்லாம் அழிந்து நடுவுக்கு வந்துவிடும். அப்போது வேறு யாரையும் கேட்பதில்லை, நானே வைக்கிறேன். வண்டி காலியாக மலை ஏறும்போது அந்த வளைவில் இடது பக்கம் திரும்பி அன்று சொன்னதையே மறுபடி சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் பலமாக. அவள் எனக்கு விட்டுப்போனது இந்த எண்தான்.

இடது, ஏழு.